எந்தத் தேதியில் அழுவது? யூத நாட்காட்டியும் விழுப்புரத்துச் சாவுகளும்

செப்டம்பர் 17ஐ எடுத்துக்கொள்வோம். 1879இல் பெரியார் பிறந்த நாள். 1949இல் திமுக தொடங்கப்பட்ட நாள். 1987இல் வன்னியர் சங்கத்தின் ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கிய நாள். துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலுமாக 21 பேர் உயிரிழந்த போராட்டம் அது. 2021 முதல் அரசுக் கணக்கில் 'சமூக நீதி நாள்'. பெரியார் சிலைக்கு மாலை போடுகிறவர்களும் மறியலில் செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறவர்களும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அன்றைக்கு ஒரே கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரி 28 அன்று அந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் மணிமண்டபமும் திறந்தாகிவிட்டது. இதே விழுப்புரத்தில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். பெரிய காலனிப் படுகொலை என்று நாம் எழுதுகிறோம். ஊரில் 'கலவரம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கு எந்தத் தேதி? ஜூலை என்கிறோம், 78 என்கிறோம். மாதம் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, நாள் இல்லை.

இந்தக் கேள்வியோடு யூத நாட்காட்டிக்குப் போவானேன் என்று தோன்றலாம். யூதர் என்றதும் நம் பொதுப்புத்தியில் வருவது ஒன்று ஹிட்லர், இல்லாவிட்டால் இஸ்ரேல். இரண்டுக்கும் வெளியே எதுவும் கிடையாது. ஆனால் சொந்த அரசோ படையோ இல்லாமல் ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் தன் சாவுகளைக் கைவிடாமல் தூக்கித் திரிந்த கூட்டம் அது. மண்டபம் கட்ட அவர்களுக்கு நிலம் இல்லை, கட்டினாலும் இடித்துவிடுவார்கள். எனவே தேதியில் கட்டினார்கள். வால்டர் பெஞ்சமின் 1940இல், நாஜிகளின் கையில் சிக்காமலிருக்க அலைந்துகொண்டிருந்த காலத்தில் எழுதிய வரலாறு குறித்த ஆய்வுரைகளில், கடிகாரம் காலத்தை அளக்கிற மாதிரி நாட்காட்டி அளப்பதில்லை என்கிறார். ஒரே நாள் மீண்டும் மீண்டும் திரும்பி வருவதுதான் அதன் இயல்பு. அதே வருஷம் செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையில் அவர் உயிர் போனது. அவருடைய மார்க்சியத்துக்குள் இந்த நாட்காட்டி நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் பெசாக்கையும் ஆப் மாதத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கணக்கு. யூத மாதம் சந்திர மாதம், 29 அல்லது 30 நாள். பன்னிரண்டு மாதம் கூட்டினால் 354 நாள்தான் தேறும். அப்படியே விட்டால் ரம்ஜான் மாதிரி பண்டிகைகள் பருவம் விட்டுப் பருவம் நகர்ந்துகொண்டே போகும். பஸ்காவோ வசந்தத்தில் வந்தாக வேண்டும். எனவே 19 வருஷத்துக்கு ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் செருகுகிறார்கள், ஆதார் மாதம் இரண்டு முறை வரும். நம் பஞ்சாங்கக்காரர்கள் 'அதிக மாசம்' என்று சொல்வதற்குப் பக்கத்துவீடு. நாள் தொடங்குவது பொழுது சாய்ந்ததும். மாதப் பெயர்கள் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த காலத்தில் கிடைத்தவை. அடிமைப்படுத்தியவனின் சொற்களில்தான் தங்கள் விடுதலையின் தேதியைச் சொல்கிறார்கள். (நம் தலைவர்களின் நினைவு நாட்களை நாம் வெள்ளைக்காரன் மாதத்தில் சொல்வதைப் பற்றித் தனியே எழுதலாம்.)

தனி ஒருவரின் சாவுக்கு வருவது யார்ட்சைட். கிட்டத்தட்ட நம்மூர்த் திதிதான். செத்த நாளை யூத மாதக் கணக்கில் குறித்து வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் அன்று மாலை 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றுவார்கள். ஆதார் மாதத்தில் செத்தவருக்கு, இரண்டு ஆதார் வருகிற வருஷத்தில் எதில் ஏற்றுவது என்று ரபிகள் சண்டை போட்டிருக்கிறார்கள். ஜெப ஆலயத்தில் காதிஷ் சொல்ல வேண்டும். அரமேயத்தில் உள்ள அந்த மன்றாட்டில் சாவு என்ற பேச்சே கிடையாது, முழுக்கக் கடவுள் புகழ்ச்சி. தனியாகச் சொல்லவும் முடியாது, பத்துப் பேர் கூட வேண்டும். திதிக்கு ஒரு புரோகிதரும் ஒரு மகனும் போதும். காதிஷுக்கு ஊரில் பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்தாக வேண்டும். துக்கத்தை ஒரு வீட்டுக்குள்ளேயே பூட்டிவிட முடியாதபடி செய்திருக்கிற ஏற்பாடு இது. அந்தப் பத்தும் ஆம்பளைகள்தான் என்பது இதன் அசிங்கம். 1916இல் ஹென்ரியெட்டா சோல்ட் என்ற பெண், தன் தாய்க்காகக் காதிஷ் சொல்ல முன்வந்த குடும்ப நண்பருக்கு நன்றி சொல்லி, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதினார். கொள்ளி வைப்பதற்காக நம் பெண்கள் சண்டை போட வேண்டியிருப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாவைக் குறிக்காத, விடுதலையைக் குறிக்கிற நாள் பெசாக். நம் பைபிளில் பஸ்கா. நிசான் மாதம் 15. எகிப்தில் அடிமைகளாக இருந்து வெளியேறியதன் நினைவு. இது கோயிலில் நடப்பதில்லை, வீட்டில் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. கசப்புக் கீரை, உப்புத் தண்ணீர், புளிக்காத அப்பம், செங்கல் பூசும் சாந்து மாதிரித் தெரிய வேண்டும் என்று பழமும் பருப்பும் அரைத்த ஒரு பிசைவு. அடிமை வேலையை நாக்கில் வைக்கிறார்கள். வீட்டின் கடைசிக் குழந்தை இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் கதை தொடங்கும். அன்று எகிப்திலிருந்து வந்தவர்களில் தானும் ஒருவர் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது விதி. எகிப்தியர் மேல் விழுந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு திராட்சை ரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எதிரி செத்ததால் நம் கிண்ணம் குறைகிறது என்று அதற்கு விளக்கம் சொல்லும் மரபு ஒன்று உண்டு. அந்தச் சொட்டைப் பின்னால் தேடப்போகிறோம்.

அழுகைக்கான நாள் ஆப் மாதம் 9. நம் ஆடி மாதத்தையொட்டி வரும். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை எரித்தார்கள், கி.பி. 70இல் ரோமானியர் இரண்டாம் ஆலயத்தை எரித்தார்கள். ஒரு முழு நாள் பட்டினி, தோல் செருப்பு கிடையாது, தரையில் உட்கார்ந்து புலம்பல் ஆகமத்தை இழுத்துப் பாடுவார்கள். நம் சேரிகளில் சாவு வீட்டில் தரையில் உட்கார்ந்து பெண்கள் பாடுவதைக் கேட்டவர்களுக்கு அந்த உட்காரும் விதம் அந்நியமாக இருக்காது.

இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஆலயம் எரிந்தது 9ஆம் தேதி என்று பைபிளில் இல்லை. இராஜாக்கள் புத்தகம் ஏழாம் தேதி என்கிறது, எரேமியா பத்தாம் தேதி என்கிறது. தல்மூதில் இதைப் பற்றி ஒரு வாதம் நடக்கிறது: எதிரி ஏழாம் தேதி உள்ளே நுழைந்தான், ஒன்பதாம் தேதி பொழுது சாயும் நேரத்தில் தீ வைத்தான், பத்தாம் தேதி முழுக்க எரிந்தது. அந்தத் தலைமுறையில் நான் இருந்திருந்தால் பத்தாம் தேதியைத்தான் வைத்திருப்பேன், பெரும்பகுதி எரிந்தது அன்றுதானே என்கிறார் ரபி யோகனான். மற்றவர்கள் ஒப்பவில்லை, கேட்டின் தொடக்கம்தான் முக்கியம் என்று 9ஐ வைத்தார்கள். தேதி என்பது சம்பவத்திலிருந்து தானாக விழுகிற ஒன்றல்ல, யாரோ உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற ஒன்று என்பதை இவ்வளவு பச்சையாக ஒத்துக்கொள்கிற புனிதப் பிரதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முடிவு செய்த பிறகு தேதி காந்தம் மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா ஐந்து கேடுகளை இந்த ஒரே நாளில் அடுக்குகிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்களைத் துரத்தியபோது கடைசிக் கெடு ஜூலை 31. அது ஆப் 7. மரபோ அதையும் 9க்கு இழுத்துக்கொண்டது. இப்படி எல்லாக் கேடுகளையும் ஒரே நாளுக்குள் கொட்டுவதில் ஒரு பத்திரம் உண்டு, எதுவும் தொலையாது. ஆபத்தும் உண்டு. பாபிலோனியனும் ரோமானியனும் ஸ்பெயின் அரசியும் ஒரே முகமாகிவிடுகிறார்கள். கொன்றவன் மங்கிப்போய், 'நம் பாவத்தால் வந்தது' என்கிற இறையியல் முன்னால் வந்து நிற்கிறது. 1171இல் பிரான்சின் புளுவா நகரில், ஒரு கிறித்தவப் பிள்ளையைக் கொன்றதாகப் பொய்க் குற்றம் சாட்டி முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அந்த நாள், சீவான் மாதம் 20, விரத நாளாக அறிவிக்கப்பட்டது. 1648இல் உக்ரைனில் ஹ்மெல்னித்ஸ்கியின் கொசாக்குகள் ஊர் ஊராகக் கொன்றபோது நெமிரோவ் ஊரின் படுகொலை நடந்ததும் அதே சீவான் 20. பழைய விரதத்தை மீண்டும் எடுத்தார்கள், பழைய மன்றாட்டுப் பாடல்களும் திரும்ப வந்தன. யோசேப் யெருஷல்மி 1982இல் எழுதிய 'ஸாகோர்' என்ற நூலில் இதைத்தான் குடைகிறார்: நினைவு வைத்துக்கொள் என்ற கட்டளை இவ்வளவு அழுத்தமாக உள்ள சமூகம் பல நூற்றாண்டுகள் வரலாறு எழுதவேயில்லை, சடங்கும் விரதமும் பாட்டும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. வரலாறு எழுதத் தெரியாததால் அல்ல, தேவைப்படாததால். வாய்மொழி வழக்காறுகளை 'வரலாறு இல்லாமை' என்று படித்துப் பழகிய நம் கல்விப்புலத்துக்கு இது ஒரு நல்ல அடி.

மங்கிப்போவதற்கு எதிரான ஏற்பாடும் அவர்களிடமே இருந்தது: பெயர். 1096இல் முதல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கும்பல்கள் ரைன் நதிக்கரையின் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தன. அவர்களின் பெயர்கள் ஏடுகளில் எழுதப்பட்டு ஜெப ஆலயங்களில் வாசிக்கப்பட்டன. 1296இல் தொடங்கப்பட்ட நியூரம்பர்க் நினைவேடு அவற்றில் ஒன்று. 1945க்குப் பிறகு, அழிந்துபோன கிழக்கு ஐரோப்பிய ஊர்களிலிருந்து தப்பியவர்கள் ஊருக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான நினைவுப் புத்தகங்களைத் தாங்களே போட்டார்கள். தெருப்படம், தையல்கடை, செருப்புத் தைப்பவர், ஊர்ப் பைத்தியம், பட்டியலாகப் பெயர்கள். பெரும்பாலும் எழுத்தாளர்கள் எழுதியவை அல்ல. இலக்கியத் தரம் பற்றிக் கேட்டால் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். ஆனால் அந்த ஊர்களைப் பற்றி இன்றைக்கு யார் எதை எழுதுவதானாலும் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஏற்பாடு, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சுவாரஸ்யமானது, உள்ளூர்ப் பூரிம். எஸ்தர் புத்தகக் கதையின்படி பாரசீகத்தில் யூதர்களை அழிக்க ஆமான் போட்ட திட்டம் முறிந்த நாள் பூரிம், ஆதார் 14. இதைப் பார்த்துப் பல ஊர்கள் தங்கள் ஊருக்கு மட்டுமான பூரிம்களை ஏற்படுத்திக்கொண்டன. 1614இல் பிராங்க்ஃபர்ட்டில் வின்சென்ஸ் ஃபெட்மில்ஹ் என்பவன் தலைமையில் கைவினைச் சங்கத்தார் யூதத் தெருவைச் சூறையாடி அவர்களை ஊரைவிட்டே விரட்டினார்கள். 1616இல் பேரரசரின் ஆணைப்படி அவன் தலை வெட்டப்பட்டது. அன்றே யூதர்கள் ஊருக்குள் திரும்ப அழைத்துவரப்பட்டார்கள். ஆதார் 20. அந்த ஊர்க்காரர் ஒருவர் நடந்ததை எபிரேயத்திலும் இட்டிஷிலும் பாட்டாகக் கட்டினார், பிராங்க்ஃபர்ட் யூதர்கள் அந்த நாளை வருஷா வருஷம் கொண்டாடினார்கள். கெய்ரோவிலும் 1524 நிகழ்ச்சி ஒன்றுக்காக ஆதார் 28இல் தனிப் பூரிம் உண்டு. பக்கத்து ஊர்க்காரனுக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அரசாணை வேண்டாம், தலைவர் வரத் தேவையில்லை. ஒரு சின்ன ஊர் தனக்கு நடந்ததைத் தானே பிரதியாக்கி, தன் தேதியில் தானே வாசித்துக்கொள்கிறது.

இது வரைக்கும் சொன்னதில் ஒரு 'உன்னத யூத நினைவு' மாதிரி ஏதாவது கட்டமைந்திருந்தால் அதை இப்போதே உடைத்துவிட வேண்டும்.

கொச்சிக்குப் போவோம். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. 1968 டிசம்பரில் அதன் 400ஆம் ஆண்டு விழாவில் இந்திரா காந்தி கலந்துகொண்டார், டிசம்பர் 15 அன்று தபால் தலை வெளியானது. அந்த ஆலயத்துக்குள் 'வெள்ளை' யூதர்கள் தங்கள் அடிமைகளின் வழிவந்த யூதர்களைச் சமமாக உட்கார விடவில்லை, தோரா வாசிக்க அழைக்கவில்லை. எகிப்தில் அடிமைகளாக இருந்ததை வருஷந்தவறாமல் நினைவுகூர்ந்த மக்கள் இவர்கள்! அந்த வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சாலெம் ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்துதான் தன் மக்களுக்கு இடம் வாங்கினார். 'யூதக் காந்தி' என்பார்கள் அவரை. 1967இல் இறந்துபோனார், 400ஆம் ஆண்டுக்கு ஒரு வருஷம் முன்பு. சாதி எந்த நாட்காட்டிக்குள்ளும் நுழையும் என்பதற்கு நாம் கொச்சி வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லைதான். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி வெடித்த மோதலும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்ததும் தவக்காலத்தில்தான் நடந்தன. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர்கள் நம் பல பங்குகளில் இரண்டு கல்லறைகளுக்குப் பிரிந்து போகிறார்கள்.

அடுத்து அரசு. 1943 ஏப்ரல் 19 அன்று வார்சா கெட்டோவின் யூதர்கள் நாஜிப் படையை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தார்கள். யூதக் கணக்கில் நிசான் 14, பஸ்காவுக்கு முந்தின நாள். இஸ்ரேல் நாடாளுமன்றம் படுகொலை நினைவு நாளை முடிவு செய்ய உட்கார்ந்தபோது அந்தக் கிளர்ச்சி நாளையே வைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. பஸ்கா வாரத்தில் துக்கம் கூடாது என்று மதத் தரப்பு. 1951இல் நிசான் 27 என்று சமரசம் ஆனது. மரபுவாத யூதர் பலர் இன்றும் அதை ஏற்பதில்லை, நிசானில் துக்கம் காப்பதில்லை என்பார்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்குத் தேபேத் 10 அன்று காதிஷ் சொல்லலாம் என்று தலைமை ரபிகள் வேறொரு நாளை ஒதுக்கினார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தேபேத் 10 பெயர் தெரிந்து தேதி தெரியாதவர்களைத் தேடுகிறது. நிசான் 27இன் பெயரிலேயே அழிவோடு 'வீரமும்' சேர்ந்திருக்கிறது. துப்பாக்கி எடுத்தவர்களை முன்னே நிறுத்தி, எடுக்க முடியாமல் செத்த லட்சக்கணக்கானவர்களைக் கொஞ்சம் வெட்கத்தோடு பின்னே நிறுத்துகிற சொல்லாடல் அது. ஒரு வாரம் கழித்து ஈயார் 4, போர்வீரர் நினைவு நாள். மறுநாள் ஈயார் 5, சுதந்திர நாள். சாம்பல், படை, கொடி என்று எட்டு நாளைக்குள் ஒரு பெருங்கதையாடல் முடிந்துவிடுகிறது.

அந்தக் கொடி நாளின் மறுபக்கம் பாலஸ்தீனரின் நக்பா, மே 15. 1948இல் ஏழு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்ததன் நினைவு. சுதந்திர நாளைத் துக்க நாளாக அனுசரிக்கும் அமைப்புகளுக்கு அரசு நிதியை வெட்டலாம் என்று 2011இல் இஸ்ரேல் சட்டம் போட்டது. அழுவதற்கு நாள் கேட்டே வாழ்ந்த ஒரு மரபின் பெயரால் இன்னொரு மக்களின் அழுகை நாளுக்கு அபராதம்! 1994 பிப்ரவரி 25, அதாவது பூரிம் நாளன்று, ஹெப்ரோனின் இப்ராகிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை பாரூக் கோல்ட்ஸ்டீன் சுட்டுக் கொன்றான். தேதி அவனுக்குத் தற்செயல் என்று நம்ப இடமில்லை. எஸ்தர் புத்தகத்தின் கடைசியில் யூதர்கள் தங்கள் பகைவர் 75,000 பேரைக் கொன்றதாக வருகிறது. பூரிமுக்கு முந்தின ஓய்வுநாளில் அமலேக்கியர் செய்ததை மறவாதே என்ற பகுதி வாசிக்கப்படுகிறது. 2023 அக்டோபர் 7, ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்ட அன்று, தோரா வாசிப்பு முடிந்து மீண்டும் தொடங்குகிற மகிழ்ச்சித் திருநாள். அந்த மாதக் கடைசியில் நெதன்யாகு அமலேக்கை நினைவூட்டிப் பேசினார். பின்னர் காசாவில் பல்லாயிரக்கணக்கில் மக்கள் கொல்லப்பட்டார்கள். கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுகிற அந்தச் சொட்டு எங்கே போனது என்று யூதர்களுக்குள்ளிருந்தே கேட்டவர்கள் உண்டு, திட்டு வாங்கியவர்களும் அவர்களே.

வார்சா கிளர்ச்சியின் தளபதிகளில் உயிர் தப்பிய மாரெக் எடெல்மான் இஸ்ரேலுக்குப் போகவில்லை, போலந்திலேயே இதய மருத்துவராக இருந்தார். 1983இல் ராணுவச் சட்டத்தின் கீழ் நாட்டை வைத்திருந்த யருசெல்ஸ்கி அரசு கிளர்ச்சியின் 40ஆம் ஆண்டைப் பெரிய விழாவாக எடுத்தபோது, வர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஏப்ரல் 19 வந்தால் தன் பாட்டுக்கு நினைவிடத்தில் பூ வைப்பதை மட்டும் 2009இல் சாகும் வரை அவர் விடவில்லை. தன் நாளை அரசிடம் கொடுக்காமலிருக்க அவருக்கு அது ஒன்றுதான் வழியாக இருந்தது.

இப்போது விழுப்புரம்.

1968 டிசம்பர் 15 கொச்சித் தபால் தலை. அடுத்த பத்தாம் நாள், டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். வெண்மணிக்குத் தேதி உண்டு, ஸ்தூபி உண்டு, மார்க்சிஸ்ட் கட்சி வருஷந்தோறும் அன்று கூடுகிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கட்சி இல்லாவிட்டால் அந்தத் தேதி இவ்வளவு நாள் நின்றிருக்காது. ஆனால் செத்தவர்கள் 'விவசாயத் தொழிலாளர்கள்' மட்டும்தானா என்று தொண்ணூறுகளில் தலித் தரப்பிலிருந்து எழுந்த கேள்வி இன்னும் மூடப்படவில்லை. கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டு நாட்களில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1976இல் சோவியத் அரசு அங்கே எழுப்பிய நினைவுச் சின்னத்தில் 'சோவியத் குடிமக்கள்' என்றுதான் எழுதியது. எதற்காகக் கொன்றார்களோ அந்தப் பெயரை நினைவிடத்தில் எழுத மறுப்பதை என்னவென்று சொல்வது? வர்க்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. கொன்றவன் அந்தப் பெயரைச் சொல்லித்தானே கொன்றான்.

1987க்கு வருகிறேன். அந்த 21 பேர் ஏழைகள், பெரும்பாலும் அரசின் குண்டுக்குச் செத்தவர்கள். அவர்களுக்காக அழுவதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு வந்த 20 சதவீதம் வன்னியர்களுக்கு மட்டும் போகவில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளுக்குப் போனது. ஆனால் அதே மறியல் வாரத்தில் தென்னார்க்காட்டில் தலித் குடிசைகள் எரிந்ததும் நடந்தது. செப்டம்பர் 17 மேடையில் அந்தக் குடிசைகளுக்காக யாராவது ஒரு சொட்டு எடுத்துவிட்டால் அந்த நாளின் பொருளே வேறாகிவிடும். எடுக்கவில்லை. மணிமண்டபம் வேறு வந்துவிட்டது. மண்டபம் வந்த பிறகு நாள் மண்டபத்துக்குப் போய்விடுகிறது, வீட்டில் தங்குவதில்லை. எந்தக் கட்சி எத்தனை மணிக்கு மாலை வைப்பது என்பதுதான் மிச்சம்.

1978க்கு மண்டபம் இல்லை. கேட்க வேண்டும் என்கிற நண்பர்கள் இருக்கிறார்கள், கேட்கட்டும். எனக்கு அதற்கு முந்தின வேலைதான் படுகிறது. கொலைகள் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை, வன்முறை சில நாள் நீடித்தது. தேதி நிற்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். எந்த நாளை வைப்பது? கடைத்தெருவில் தகராறு மூண்ட நாளையா, அதிகம் பேர் செத்த நாளையா? ரபி யோகனானின் வாதம் அப்படியே இங்கே வந்து நிற்கிறது. முதல் நாளை வைத்தால் நினைவு அந்தத் தகராறின் மேல் விழும். 'அவங்கதான் ஆரம்பிச்சாங்க' என்கிற பேச்சுக்கு இடம் கொடுக்கும். சாவின் நாளை வைத்தால் நினைவு 12 பேரின் மேல் விழும். நான் யோகனான் பக்கம்.

சடங்கு எங்கிருந்து வரும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. வருஷம் தவறாமல் சாவைத் திரும்ப நிகழ்த்துகிற கலையில் இந்த மண்ணை மிஞ்ச ஆள் கிடையாது. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குத் தாலி கட்டிக்கொள்கிற திருநங்கைகள் மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொள்கிறார்கள். அன்றைக்கு எகிப்திலிருந்து வந்தவர்களில் தானும் ஒருவர் என்று எண்ணச் சொல்கிற அந்த விதி இங்கே உடம்பிலேயே நடக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதமும் கூத்துமாக முடிகிறபோது படுகளத்தில் துரியோதனனை மண்ணால் கிடத்துகிறார்கள். தோற்றவனுக்கும் அங்கே ஒப்பாரி உண்டு! எடுத்துவிடுகிற சொட்டை நாம் யூதர்களிடம் கடன் வாங்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்தக் கோயில் யாருடையது என்று கேட்டால் கதை வேறு. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது நுழைந்த தலித் இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்றத்தில் நடந்தது பிந்தைய கதை. துரியோதனனுக்காக அழ இடமுள்ள களத்தில் பக்கத்துத் தெருக்காரன் நிற்க இடமில்லை.

ஆகவே பெரிய காலனியின் நாள் ஒரு உள்ளூர்ப் பூரிமைப் போல, ஆனால் அழுகையின் பூரிமாக, அந்தத் தெருவிலேயே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று வேலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. 12 பேரின் பெயர், வயது, பார்த்த தொழில், செத்த இடம் ஆகியவற்றை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது; விசாரணை ஆணையத்தின் காகிதங்கள் இதற்கு உதவும், ஆனால் அவற்றில் ஆட்கள் வெறும் எண்ணாகிவிட்டிருப்பார்கள் என்பதை எதிர்பார்த்தே போக வேண்டும். அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, எனவே இதைத் தள்ளிப்போட முடியாது. இரண்டாவது, தேதி. அதை எழுத்தாளர்களோ கட்சிக்காரர்களோ சொல்லக் கூடாது, அந்த வீடுகளிலிருந்து பத்துப் பேர் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்யட்டும், ஆம்பளைகள் மட்டும் வேண்டாம். மூன்றாவதுதான் கஷ்டம்: அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எது வேறு மாதிரி இருக்கப்போகிறது? ஒரு குழந்தை பார்த்துவிட்டு, இன்னைக்கி மட்டும் ஏம்மா இப்படி என்று கேட்க வேண்டுமே.